ஒரு மாசத்து வாத்தியார்

இல்ல பாஸ்டரம்மா, நீங்க பேசுங்க. பட்டன் தைக்கிறது கைதானே, காது சும்மாதான் இருக்கு. அந்த மூட்டையை மட்டும் கொஞ்சம் தள்ளி வச்சுட்டு உக்காருங்க. எல்லாம் அந்த வெளிநாட்டு அநாதை இல்லத்துப் பிள்ளைங்களுக்குப் போற சட்டைதான். இதைப் பாருங்க, காலரு புதுசு மாதிரி இருக்கு, ஒரு பட்டன் கிடையாது. நம்ம சபை ஆளுங்க வேலைதான். தர்மம் பண்றதுக்கு முன்னாடி கத்தரிக்கோலை எடுத்து பட்டனை வெட்டி வச்சுக்கிட்டுத்தான் குடுக்கிறாங்க. சிரிக்காதீங்க, யாரு வீடுன்னுகூட எனக்குத் தெரியும்.

ம், நாளைக்கு நான் எழுந்து நிக்கணும். வீட்டுக்காரி சபை முன்னாடி நின்னு சம்மதம்னு வாயைத் திறந்து சொன்னாத்தான் புருஷனை அந்த இல்லத்துக்குப் பாடம் சொல்லிக்குடுக்க அனுப்புவீங்க. நல்ல வழக்கம்தான். ஆனா நாலு பேரு பார்த்தாலே எனக்கு நாக்கு மேல ஒட்டிக்கும். கல்யாணத்துல நான் ஆமான்னு சொன்னதே உங்க வீட்டு ஐயாவுக்கு மட்டும்தான் கேட்டுச்சு.

கூச்சம் மட்டும் இல்லம்மா. மூடி மறைச்சு என்ன, எனக்கு இந்தப் பயணத்து மேலேயே சந்தேகம்.

ஐயோ, நம்ம சபைப் பாட்டுக்காரக்காவை நினைச்சா சொல்றேன்? இல்ல இல்ல. சரி, முதல்ல கொஞ்சம் இருந்துச்சு, பொய் சொல்லமாட்டேன். அவங்களும் போறாங்கன்னு கேட்ட அன்னைக்கு சோத்துல உப்பு போடவே மறந்துட்டேன். அப்புறம், பிளேன்ல தனியா ஏற பயந்துக்கிட்டு மாமியாரையும் கூட்டிட்டுப் போறாங்கன்னு தெரிஞ்சதும் நிம்மதியாத் தூங்கினேன்.

இவர் நல்லவரும்மா. பள்ளிக்கூடத்துல பொழுதுக்கும் தொண்டை கிழியக் கத்திட்டு வந்தாலும் முழங்கால் போடாம படுக்கமாட்டார். அந்த இல்லத்துல இருக்கிற ஒவ்வொரு பிள்ளை பேரையும் சொல்லிச் சொல்லி ஜெபிப்பார். வாயில நுழையாத பேருங்க. நம்ம பாப்பா பேரு வர்றதுக்குள்ள அவ என் மடியில தூங்கிடுவா. அன்னைக்குக் கேக்குறா, அம்மா, நானும் தூரமா போயிட்டா அப்பா என் பேரை முதல்ல சொல்லுவாராம்மான்னு. அங்க யாருக்குக் காது வலின்னு இவருக்குத் தெரியும். இவளுக்கு முன்பல்லு ஆடுறது தெரியாது.

போன்ல போட்டோ வரும். பாரு, எப்படிச் சிரிக்குதுங்கன்னு காட்டுவார். நான் கண்ணைத்தான் பார்ப்பேன். எல்லாம் சிரின்னு சொன்னா சிரிக்கப் பழகின பிள்ளைங்க. அதைச் சொன்னா, உனக்கு நிழலைப் பார்த்தாலும் சந்தேகம்பார்.

ஒரு மாசம்தானேங்கறீங்க. அதுதாம்மா என் சந்தேகமே! ரெண்டு மூணு வருஷம்னா நான் வாயே திறந்திருக்கமாட்டேன். ஏன் முழிக்கிறீங்க? பாட்டு சொல்லிக்குடுத்து, பலூன் ஊதி, மடியில தூக்கி வச்சு, நல்லா ஒட்டிக்க விட்டுட்டு, அப்புறம் பெட்டியைக் கட்டினா? எனக்கு இவர் வாயைத் தெரியும். அழுற பிள்ளையைப் பார்த்தா நிலாவைக்கூட நாளைக்கு வாங்கித் தர்றேன்பார். அடுத்த வருஷம் கண்டிப்பா வர்றேன்னு சொல்லிட்டு வந்துடுவார். இங்க வந்து அதுக்கும் சேர்த்து ஜெபிப்பார்.

பிள்ளைங்களை என்கிட்ட வர விடுங்கன்னு ஏசப்பா சொன்னார், சரிதான். வந்த பிள்ளைங்களை ஒரு மாசத்துல இறக்கி விட்டதா நான் படிச்சதில்ல. நான் அதிகம் படிச்சவ இல்லதான்.

நாளைக்கு நிப்பேம்மா. நின்னு சொல்லுவேன். போனா அங்கேயே இருக்கிற மாதிரி போகட்டும், நானும் பாப்பாவும் கூடவே கிளம்புறோம். இல்லைன்னா சட்டையை மட்டும் அனுப்புங்க, அவர் வேண்டாம்.

யாரும் தூண்டி விடலம்மா. நானும் இல்லத்துல வளந்தவதானே, அது ஊருக்கே தெரிஞ்சதுதான். எங்க இல்லத்துக்கும் கடல் தாண்டி ஒரு டீச்சர் ஒரு மாசத்துக்கு வந்தாங்க. எங்களுக்கு அவங்க வெளிநாடு, அவங்களுக்கு நாங்க வெளிநாடு. நல்லவங்க. தினமும் எனக்குத் தலை பின்னி விடுவாங்க. மாசம் முடிஞ்சு போறப்ப என்னைக் கட்டிப் பிடிச்சு, நீ என் பொண்ணு, வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாங்க. அந்த நேரத்துக்கு மனசாரத்தான் சொல்லியிருப்பாங்க. அப்புறம் பிள்ளை இல்லாத ஒரு குடும்பம் வந்துச்சு. ரொட்டிக்கடைக்காரங்க. என்னைத்தான் பிடிச்சிருக்குன்னாங்க, எனக்குன்னு ஒரு மஞ்சக் குடைகூட வாங்கிட்டு வந்திருந்தாங்க. நான் கட்டில் காலைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். எனக்கு அம்மா வருவாங்க, நான் இங்க இல்லைன்னா தேடுவாங்கன்னு ஒரே அழுகை. அவங்களும் பார்த்தாங்க. பக்கத்துக் கட்டில் பிள்ளையைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க.

இதோ வர்றேங்க! கூப்பிடுறார். இந்த டீச்சர் கதை அவருக்கே தெரியாது பாஸ்டரம்மா, நீங்க சொல்லிடாதீங்க, நாளைக்கு எல்லார் முன்னாடியும் நானே சொல்லிக்கிறேன்.