எட்டாவது சொம்பு

மாசி பிறந்ததும் தொட்டி மண்ணைக் கொட்டிக் கிளறி வெயிலில் காயப்போட வேண்டும் சார். பலர் அதைச் செய்வதில்லை. பழைய மண்ணிலேயே விதையை ஊன்றிவிட்டு, காய் பிடிக்கவில்லை என்று குறைப்படுவார்கள். நான் அப்படி இல்லை. திருக்கோவிலூரில் ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன். எதையும் அளந்து செய்துதான் பழக்கம்.

ஓய்வு பெற்றதும் கள்ளக்குறிச்சியில் அப்பா விட்டுப்போன வீட்டுக்கு வந்தேன். கீழே என் தம்பி சின்னதுரையும் அவன் மனைவி தங்கமணியும் இருந்தார்கள். மாடியில் நானும் என் மனைவி ராணியம்மாளும். மொட்டை மாடி முழுக்க என் தொட்டிகள்தான். கத்தரி, தக்காளி, வெண்டை, மிளகாய். தம்பி ஒருநாளும் அதற்கு மறுப்புச் சொன்னதில்லை. அதுதான் எனக்கு முதலில் உறுத்தியது. மொட்டை மாடியில் பாதி அவனுடையது. தன் பங்கை ஒருவன் வாய் திறக்காமல் விட்டுக்கொடுக்கிறான் என்றால் மனதில் வேறு ஏதோ வைத்திருக்கிறான் என்றுதானே அர்த்தம்?

மாசி நடுவில் நானும் மனைவியும் ஒரு கல்யாணத்துக்காக மூன்று நாள் வெளியூர் போக வேண்டியிருந்தது. "நீ கவலப்படாம போய்ட்டு வாண்ணே, செடிக்கு நான் தண்ணி ஊத்திக்கிறேன்" என்றான். திரும்பி வந்தபோது எல்லாம் செழிப்பாகவே இருந்தன. நான்காம் நாள் கத்தரிச் செடி ஒன்று வாடியது. இலை பழுக்கவில்லை. பூச்சியும் இல்லை. பச்சையாக நின்றபடியே தலை தொங்கிப்போனது. மறுநாள் பக்கத்துத் தொட்டி. ஒரு வாரத்தில் ஏழு செடிகள் போயின. அவற்றைப் பிடுங்கி எறிந்துவிட்டு, எரு போட்ட நல்ல மண்ணாயிற்றே என்று அந்த மண்ணை மற்ற தொட்டிகளுக்குப் பிரித்துப் போட்டேன்.

தண்ணீரில் அவன் எதையோ கலந்திருக்கிறான் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "முட்டி வலியோட ரெண்டு வேளையும் ஏறி எறங்கி ஊத்திக்கினு இருந்தாரு மனுஷன். அவரைப் போயி இன்னா பேச்சு பேசுறீங்க" என்றாள். அவனுக்கு முட்டி வலி என்பது இவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசித்தேன். கேட்கவில்லை. தம்பியிடமும் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்பான்.

சிமெண்டுத் தொட்டி ஒன்றில் சுரை போட்டிருந்தேன். கொடி கீழே தொங்க இடம் வேண்டும் என்று அதைக் கைப்பிடிச் சுவரின் மேல் ஏற்றினேன். உட்பக்கம் இரண்டு செங்கல் வைத்தேன். வெளிப்பக்கம் காய்ந்த களிமண் கட்டி. முன்னதாகத் தரையில் மூன்று முறை சோதித்துப் பார்த்தேன். ஏழு சொம்பு தண்ணீர் வரைக்கும் தொட்டி அசையாது. எட்டாவதில் அடியிலிருந்து வடியும் தண்ணீர் களிமண்ணைக் கரைத்துவிடும். மூன்று முறையும் எட்டாவதுதான். அளவு தவறவில்லை.

அந்தச் சுவருக்கு நேர் கீழேதான் தம்பி தினமும் காலையில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பான்.

தொட்டியை வைத்த அன்று சாயங்காலம் அவனே மேலே வந்தான். "இன்னாண்ணே, தொட்டி சாஞ்சாப்பல நிக்குது. யார் தலையிலயாவது உழுந்துடப் போவுது" என்றான். தெருமுனை வரை போய் ஒரு கருங்கல்லைத் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறி வந்து, முட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். என் வேலையில் அவன் கை வைப்பது அது இரண்டாவது தடவை. மறுநாள் அந்தக் கல்லை எடுத்துவிட்டேன்.

அடுத்து வந்த காலை அவன் பேப்பரை விரித்தான். நான் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தேன். ஏழு சொம்பு ஊற்றிவிட்டுச் சற்று நின்றேன். அவன் நிமிர்ந்து பார்த்து, காபி ஆச்சாண்ணே என்று கேட்டான். ஆச்சு என்றேன். அவன் குனிந்துகொண்டான். எட்டாவது சொம்பை ஊற்றினேன். தள்ளவில்லை சார், ஒரு விரல்கூடத் தொட்டியில் படவில்லை. பங்குனி வெயிலில் சுரைக்குத் தண்ணீர் ஊற்றித்தானே ஆக வேண்டும்.

விபத்து என்று உங்கள் ஆட்களே எழுதிக்கொண்டு போனார்கள். நான் யாரிடமும் பொய் சொல்லவில்லை. தொட்டி எப்படி விழுந்தது என்று கேட்டார்கள், அடிமண் கரைந்து விழுந்தது என்றேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வெள்ளிமலையிலிருந்து மாதன் வந்தான். மலையில் விவசாயம் செய்பவன், தம்பிக்குச் சேக்காளி. மாடிக்கு வந்தவன் வாடிக்கொண்டிருந்த தக்காளித் தண்டு ஒன்றை அறுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நிறுத்தினான். தண்டிலிருந்து பால் மாதிரி ஏதோ நூலாக இறங்கியது. "இது மண்ணுல இருக்குற சீக்குங்க. வாடுன தொட்டி மண்ண எடுத்து மத்ததுல கலந்தீங்களா?" என்று கேட்டான். பக்கத்தில் நின்றிருந்த ராணியம்மாள் என்னையே பார்த்தாள். மறுநாள் உளுந்தூர்பேட்டைக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். இன்னும் வரவில்லை. மாதன் சொன்னதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. செத்தவனுக்காகச் சேக்காளி அப்படித்தான் பேசுவான்.

தம்பி விஷயமாக நான் இங்கே வரவில்லை. அது முடிந்துபோனது. அவன் போனபிறகு புது மண் வாங்கிப் பழையதோடு கலந்து, புது நாற்று வைத்தேன். பதினொரு செடிகள் மறுபடியும் பச்சையாகவே தலை தொங்கிவிட்டன. இப்போது வீட்டில் என்னைத் தவிர இருப்பது தங்கமணி ஒருத்திதான். தினமும் ஒரு கிண்ணத்தில் குழம்பு கொண்டுவந்து மாடிப் படியில் வைத்துவிட்டுப் போகிறாள். புருஷனை இழந்தவள் இவ்வளவு அன்பாக இருப்பாளா சார்? நான் அதைத் தொடுவதில்லை.

அவள் மேல் ஒரு புகார் எழுதிக்கொள்ளுங்கள். காலையில் அவள் துணி துவைப்பதும் அதே சுவருக்குக் கீழேதான். பாகல் தொட்டி ஒன்று தயாராக இருக்கிறது, இன்னும் சுவரில் ஏற்றவில்லை. முதலில் உங்களிடம் சொல்லிப் பார்ப்போம் என்றுதான் வந்தேன். யோசிக்காமல் ஒருவர் மேல் பழி போடுகிற ஆள் இல்லை நான்.