செய்யதம்மா காய்ச்சின சிவப்பு

ஆத்துக்குப் பாலம் கட்டாத காலமாம். பரிசல் ஏறித்தான் அக்கரை போகணும். அந்தக் காலத்துல நம்ம அவுரித்திடல்ல ஒரே ஒரு கம்பளத் தறி இருந்துச்சாம். பக்கீர் ராவுத்தர் தறியில உக்காருவாரு, அவரு பொண்டாட்டி செய்யதம்மா சாயம் காய்ச்சுவாங்க. நம்ம வகையறாவே அவங்க வயித்துல வந்ததுதான், அதனால மரியாதையாக் கேளுங்க.

ஒருநாள் அக்கரை ஜமீன்தார் ஒரு பழைய கம்பளத்தை அனுப்பிச்சாராம். கப்பல்ல வந்த பாரசீகத்துக் கம்பளம். அவங்க அம்மா கல்யாணத்தன்னைக்கு உக்காந்தது. ஒரு ஓரத்தைக் கரையான் தின்னுருச்சு. "இதே மாதிரி புதுசு வேணும், அம்மா கண்ணை மூடுறதுக்குள்ள வேணும். நிறம் பிசகுனா உங்க தறி என் வாசலுக்கு வந்துரும்"னு சொல்லிவிட்டாராம். அந்த ஒரு தறிதான் ரெண்டு பேருக்கும் சோறு.

மேல பாத்தா வெளிறிப்போன ரோஜா நிறம். செய்யதம்மா என்ன செஞ்சாங்க? கம்பளத்தைப் புரட்டுனாங்களாம். அடியில பாத்தா, அல்லாவே, மாதுளைமுத்துச் சிவப்பு!

"என்னங்க, இதாங்க இதோட நிறம். மேல இருக்கறது வெயில் தின்ன மிச்சம்."

ராவுத்தருக்குத் தெரியாதா? முடிச்சை எண்ணுறதே அடியைப் பாத்துத்தானே! ஆனா மனுசனுக்குப் பயம். "ஜமீன்தார் பாத்து வளந்தது ரோஜா நிறம். சிவப்புச் சாயவேரைக் குறைச்சுப் போட்டு இளசாக் காய்ச்சு."

"நரைச்ச பிள்ளையாவே பெத்துக் குடுக்கச் சொல்றீங்களா? அது என் கையால வராது"ன்னாங்களாம். சொன்னதோட நிக்கல. மூணு பங்கு சாயவேரை அள்ளிப் போட்டுக் கம்பளி நூலை முக்கிட்டாங்க.

அன்னைக்கு மூடுன வாயை ராவுத்தர் தொறக்கவே இல்லையாம். சோத்துக்கு உப்பு வேணும்னாக்கூடக் கைச்சாடைதான். ஆனா கம்பளத் தறியில என்ன வழக்கம்? ஒருத்தர் நிறம் சொல்லணும், ஒருத்தர் முடிச்சுப் போட்டுப் பதில் சொல்லணும். இல்லாட்டிப் பூ கோணிக்கும். அதனால தறியில மட்டும் அந்த ஒத்தை வார்த்தை வருமாம்.

"ரெண்டு சிவப்பு"ம்பாங்க செய்யதம்மா.

"போட்டாச்சு."

"ஒரு நீலம்."

"போட்டாச்சு."

"கோவக்காரருக்கு ஒரு மஞ்சள்."

மஞ்சள் விழும், பதில் வராது. சிரிப்பை மீசைக்குள்ள ஒளிச்சுக்குவாராம். பதினாலு மாசம் இப்படியே ஓடுச்சு.

நெசவை முடிச்சு, தறியிலேர்ந்து அறுத்து, அக்கரை கொண்டுபோய் விரிச்சாங்க. ஜமீன்தார் மூஞ்சி சுருங்கிப்போச்சு. "அம்மா கம்பளமா இது? எவ இந்தச் சாயத்தைக் காய்ச்சுனவ?"

அப்பத்தான் ராவுத்தர் முன்னால வந்தாராம். "எசமான், காய்ச்சுனது என் பொண்டாட்டி. முடிச்சுப் போட்டது நான். தப்புன்னா தறியை எடுத்துக்குங்க. அவளை ஒரு வார்த்தை சொல்லாதீங்க." சொல்லிட்டு, பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல போட்டு ரெண்டையும் புரட்டிட்டாராம். ரெண்டு முதுகும் ஒரே சிவப்பு. பொறந்ததுலேர்ந்து மேலயே உக்காந்த ஜமீன்தார் அடியை எங்க பாத்தாரு!

ஜமீன்தாரோட அம்மா தடியை ஊணிக்கிட்டு வந்தாங்களாம். பாத்தாங்க, பாத்தாங்க, பாத்துக்கிட்டே நின்னாங்க. "இந்தச் சிவப்பைப் பாத்துத்தான்டா அன்னைக்கு இதுல கால் வைக்கக் கூசுனேன்"னு சொல்லி, புதுசை நேரா விரிக்கவச்சு அதுமேல உக்காந்துட்டாங்க. தறியும் தப்பிச்சுது.

திரும்பி வரையில பரிசல்ல செய்யதம்மா கேட்டாங்களாம், "பதினாலு மாசம் பேசாத மனுசன், அங்க மட்டும் எப்படிப் பேசுனீங்க?"

"கோவம் உம்மேலதான். அதுக்காக ஊரான் உன்னைப் பேசுனா, நான் எதுக்கு இருக்கேன்?"

அதான், இன்னைக்கும் அவுரித்திடல்ல நிக்காஹ்னா கம்பளத்தை முதுகு மேல தெரியத்தான் விரிப்பாங்க. மாப்பிள்ளை தன் கையால புரட்டிப் போட்டப்புறந்தான் பொண்ணு வந்து உக்காரும். மச்சான் மாமன் யாரும் கை குடுக்கக்கூடாது. பாரந்தான், மூச்சு வாங்கும், வாங்கட்டும். போன வருசம் ஒரு பட்டணத்து மாப்பிள்ளை "இதெல்லாம் எதுக்கு"ன்னு சும்மா நின்னுருக்காரு. பொண்ணு நிலைப்படியைத் தாண்டவே இல்ல. அரை மணி நேரம். சோறு ஆறிப்போச்சு. கடைசியில சட்டைக் கையை மடிச்சுவிட்டுக்கிட்டுக் குனிஞ்சாரு பாருங்க, அந்த மாப்பிள்ளை!