வாசற்படியில் இழுத்த சிவப்பு

ஜில்லு, உன்னைக் கூப்பிட்டுவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன் என்றேன். எழுதிக்கொள்கிற வெங்கடநாராயணன் சார் அதையும் எழுதிக்கொண்டார்.

என் பெயர் அனந்தலக்ஷ்மி, வயது 31, கணவர் பெயர் சாய்ராம். கல்கத்தா பெஹாலாவில் பேட்டரிப் பட்டறைக்குப் பின்சந்தில் ஓர் அறை வாடகைக்கு எடுத்துக் குடியிருக்கிறேன். மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். லேக் கார்டன்ஸில் ஜகதாம்பாள் மாமி வீட்டில் சமையல் வேலை. பெங்காலி பேசுவேன், படிக்க வராது. அதனால் நான் தமிழில் சொல்ல, பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வெங்கடநாராயணன் சார் எழுதி, இன்ஸ்பெக்டருக்கு எடுத்துச் சொல்கிறார். இறந்துபோன அக்ஷரா என் மகள். வீட்டில் ஜில்லு என்று கூப்பிடுவோம். ஒரு வயது எட்டு மாதம்.

என் கணவர் அந்தப் பட்டறையில் மூட்டை இறக்குகிறார். போன கார்த்திகைக்கு முந்தின வாரம் மாமி வீட்டு வாசலில் கோலம் போட்டுக் காவி இழுத்தேன். காளிகாட் கடையில் வாங்கின காவி, ஒரு தடவை துடைத்தால் மங்கிவிடும். மாமி பார்த்துவிட்டு, "ஏண்டி அனந்தா, இது காவியா, யாராவது ரசத்தைக் கொட்டிட்டாளா?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்று சாயங்காலம் என் கணவரிடம், பட்டறையில் தகட்டுக்குப் பூசுகிற சிவப்புப் பொடி கொஞ்சம் கிடைக்குமா என்று நான்தான் கேட்டேன். அவராகக் கொண்டு வரவில்லை. ஒரு பால்பவுடர் டப்பா நிறையக் கொண்டு வந்தார். அதைக் கஞ்சியில் குழைத்து மாமி வீட்டு வாசலிலும் என் வீட்டு வாசற்படியிலும் இழுத்தேன். கண்ணைப் பறிக்கிற சிவப்பு, பத்து நாள் ஆனாலும் போகவில்லை. மாமிக்கு ரொம்பத் திருப்தி. அதன் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் அதைத்தான் இழுத்தேன்.

அதன் பிறகு ஜனவரி மாதம் பூர்ணிமா தீதி (இங்கே அக்காவைத் தீதி என்பார்கள்) என்கிற சுகாதாரப் பெண் எங்கள் சந்து கிளப்பில் கூட்டம் போட்டாள். பட்டறைக் காரீயம் உடுப்போடும் காலோடும் வீட்டுக்கு வரும், குழந்தை ரத்தத்தில் சேர்ந்து மூளையைக் கெடுக்கும் என்று படம் காட்டிச் சொன்னாள். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். சொன்னது எல்லாம் செய்தேன். அவரைக் குழாயடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வரச் சொன்னேன். வேலை உடுப்புக்குத் தனி வாளி வைத்தேன். துடைப்பத்தால் பெருக்கினால் தூசி பறக்கும், ஈரத்துணியால் துடை என்றாள். தினம் இரண்டு வேளை துடைத்தேன். முதலில் வாசற்படியைத் துடைத்து, அதே துணியைப் பிழிந்து, ஜில்லு தூங்குகிற இடம் வரைக்கும் துடைத்தேன். காரீயம் என்றால் கறுப்பாக இருக்கும் என்றுதான் எனக்குத் தெரியும். இந்தச் சிவப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பூர்ணிமா தீதி வீடு பார்க்க வந்தபோது, சந்திலேயே என் வீடுதான் சுத்தம் என்றாள். வாசற்படியில் நின்று, ஆல்பனா நன்றாக இருக்கிறது என்றும் சொன்னாள். அவர்கள் ஊர்க் கோலம் என்று நினைத்துக்கொண்டாள். அப்போது ஜில்லு அந்தப் படியில் உட்கார்ந்து விரலைத் தேய்த்து வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் பார்த்துச் சிரித்தோம்.

அதன் பிறகு ஜில்லு சோறு வேண்டாம் என்றாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குப்புறப் படுப்பாள். நடந்துகொண்டிருந்தவள் மறுபடி தவழ ஆரம்பித்தாள். மருந்துக்கடையில் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார்கள். மார்ச் எட்டாம் தேதி வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தாள். பதினோராம் தேதி காலையில் போய்விட்டாள். ரத்தத்தில் காரீயம் என்று அங்கேதான் சொன்னார்கள். அதன் பிறகு பூர்ணிமா தீதி வந்து வாசற்படியைச் சுரண்டி எடுத்துப் போனாள். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்து, அந்தச் சிவப்பே காரீயம்தான் என்று சொல்லி என் காலடியில் உட்கார்ந்தாள்.

இங்கே வருவதற்கு முன் என் கணவர், "கடையில வாங்கினதுன்னு சொல்லிடு அனந்தா. நானும் உள்ள போயிட்டா உனக்கு யாரு இருக்கா?" என்றார். அதையும் எழுதச் சொன்னேன்.

பொங்கலுக்கு அந்தப் பொடியில் பாதியைப் பக்கத்து வீட்டு மாதவிக்குக் கொடுத்தேன். அவள் புருஷன் கௌசிக் துறைமுகத்தில் இருந்தவர், பிப்ரவரியில் மாற்றலாகிப் போய்விட்டார்கள். எந்த ஊர் என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. போகிற ஊரில் இப்படிச் சிவப்பு கிடைக்காது என்று பொடியையும் கட்டி எடுத்துப் போனாள். போன் போட்டால் மணி அடிக்கவில்லை. அவள் பையனுக்கு அப்போது ஒன்பது மாதம், தவழ ஆரம்பித்திருந்தான். மாமி வீட்டு வாசலைக் கழுவிவிட்டோம், அங்கே குழந்தை இல்லை. மாதவி போன இடத்துக்கு யாரும் போய்ச் சொல்லவில்லை. இது இந்தக் கேஸில் வராது என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். இதை எழுதாவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். துறைமுக ஆபீஸில் கேட்டால் ஊர் தெரியும். அந்தப் பொடி லேசாக இனிக்குமாம், ஒருதரம் நக்கின குழந்தை அதையே தேடிப் போகுமாம். பூர்ணிமா தீதி இப்போதுதான் சொன்னாள். அதனால் நாளைக்கு என்று வைக்காமல் இன்றைக்கே ஆள் அனுப்ப வேண்டும்.

சார் இதை இரண்டு தடவை படித்துக் காட்டினார். நான் சொன்னதுதான் இருக்கிறது, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை. எல்லாம் நிஜம்.

(ஒப்பம்) சா. அனந்தலக்ஷ்மி

ஜில்லு, உனக்கு அது இனிச்சுதாடி?