சிரிச்சுக்கொண்டு கதை

அம்மா: சிரி.

மிருணா: என்ன?

அம்மா: சிரிச்சுக்கொண்டு கதை. ஹோலுக்குள்ள இருந்து உன்ர பிரெஞ்சு விருந்தாளியள் ரெண்டு பேரும் குசினியைத்தான் பாத்துக்கொண்டிருக்கினம். மறைவு இல்லாத குசினி கட்டினவனைச் சொல்லவேணும்.

மிருணா: ஓப்பின் கிச்சின் தான் வேணுமெண்டு நிண்டது நீங்கள்.

அம்மா: கதையை மாத்தாதை. அந்தக் கோப்பையைத் துடைக்கிற மாதிரி நில்லு. சாப்பாட்டு மேசையில சொன்னியே... அதை இப்ப திருப்பிச் சொல்லு.

மிருணா: அந்தா இருக்கிற முசியே பெர்னார் என்னைத் தன்ர பட்டறையில சேர்த்துப்போட்டார். மார்ச்சில போறன். ரெண்டு வருசம்.

அம்மா: என்ன பட்டறை?

மிருணா: தெரியும் தானே அம்மா.

அம்மா: உன்ர வாயால சொல்லு.

மிருணா: சப்பாத்துப் பட்டறை. கையால சப்பாத்துச் செய்யிற இடம். அம்மா, நீங்கள் சிரிக்கேல்ல.

அம்மா: இதுதான் என்ர சிரிப்பு. லோயருக்குப் படிக்கிற பிள்ளை. இன்னும் அரை வருசம் தான் மிச்சம். யூனி ஒரு செமெஸ்டர் பிரான்சுக்கு அனுப்புது, ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தோட தங்கலாம் எண்டு காலைப் பிடிச்சாய். நம்பி விட்டம். அங்க போய் நீ படிச்சது இதுவோ?

மிருணா: அவையின்ர வீட்டுக்குக் கீழ தான் பட்டறை. பின்னேரங்களில சும்மா போய் நிண்டனான். முதல் நாள் தும்புத்தடியைத் தந்து கூட்டச் சொன்னார்...

அம்மா: தும்புத்தடியை இந்த வீட்டில ஒரு நாள் தொட்டியோ?

மிருணா: அம்மா...

அம்மா: இல்லை, கேக்கிறன்.

அப்பா: வைதேகி, அல்பமெல்லாம் காட்டி முடிஞ்சுது. மிருணா பெரியபிள்ளையான சாமத்தியவீட்டு அல்பமும் காட்டியாச்சு. இனி என்னத்தைக் காட்ட?

மிருணா: ஐயோ அப்பா, அதையேன் காட்டினனீங்கள்?

அப்பா: அந்த மனுசி கண்ணைத் துடைச்சுத் துடைச்சுப் பாத்தது பிள்ளை.

அம்மா: வெளிய கூட்டிக்கொண்டு போய்ப் பாகற்கொடியைக் காட்டுங்கோ.

அப்பா: மனுசி வரும். அந்த ஆள் தான் கதிரையை விட்டு எழும்புறாரில்லை. பாயாசமும் வைச்சபடி கிடக்கு. உன்னைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறார்.

அம்மா: என்னையோ?

அப்பா: ஓம். நீ திரும்பிற பக்கமெல்லாம்.

அம்மா: சரி, நீங்கள் போங்கோ. விருந்தாளியளைத் தனிய விடக்கூடாது.

அப்பா: மிருணா... லோயர் எண்டு தமிழ்ச் சங்கத்தில எல்லாருக்கும் சொல்லிப்போட்டன் பிள்ளை. அதையும் கொஞ்சம் யோசி.

அம்மா: போங்கோ எண்டனான்... ஏனடி அந்த மனுசன் என்னைப் பாக்கிறார்?

மிருணா: தெரியேல்ல. காரம் போல.

அம்மா: பாயாசத்திலயோ? கை காட்டுறார். நீயும் காட்டு. ம்... எங்கட குடும்பத்தில எந்தக் காலத்தில ஆர் தோல் வெட்டினது?

மிருணா: அப்ப ஆர் வெட்டுறது? சொல்லுங்கோ. உங்கட மனசில இருக்கிற அந்தச் சொல்லை வாய் திறந்து சொல்லுங்கோ பாப்பம்.

அம்மா: நான் ஒண்டும் சொல்லேல்ல.

மிருணா: நினைச்சனீங்கள்.

அம்மா: நினைக்கிறதுக்கும் உன்னட்டைக் கேக்கவேணுமோ?

மிருணா: கீர்த்தனன் அண்ணாக்கு மிருதங்க அரங்கேற்றம் வைச்சு மெல்பேர்னில பாதிப் பேரைக் கூப்பிட்டனீங்கள். அவன் அடிச்சது என்ன? பிளாஸ்ரிக்கோ?

அம்மா: அது வேற.

மிருணா: என்ன வேற?

அம்மா: அது... சாமிக்கு முன்னால வைச்சு அடிக்கிறது. சத்தம் போடாதை. பல்லைக் காட்டு.

மிருணா: காட்டுறன். நல்லாக் காட்டுறன். தோல் அடிச்சா மாலை, தோல் தைச்சா மானக்கேடு. இந்த நியாயத்தைச் சட்டப் புத்தகத்திலயும் நான் காணேல்ல.

அம்மா: வாய். இந்த வாயை வைச்சுக் கோட்டில கதைக்கலாமெண்டு தானே படிப்பிச்சம். உந்த மனுசியை நீ மமோன் எண்டு கூப்பிடுறாய். அதுக்குக் கருத்து அம்மா எண்டு எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ?

மிருணா: அந்த வீட்டில பூனையைத் தவிர எல்லாரும் அவவை அப்பிடித்தான் கூப்பிடுறது. அவவின்ர மனுசனும்.

அம்மா: நான் இஞ்ச வயசு போன ஆக்களைத் தூக்கி இருத்தி, இடுப்பு நாரி விட்டுப்போய் உன்னைப் படிப்பிக்க, அவ அங்க மமோன்.

மிருணா: உங்களை அங்க நான் விட்டுக்குடுக்கேல்ல அம்மா.

அம்மா: விட்டுக்குடுத்துப்போட்டுத் தான் வந்து நிக்கிறாய். என்னடி அப்பிடி இருக்கு அந்தப் பட்டறையில? எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லு.

மிருணா: சொன்னாலும் நீங்கள்...

அம்மா: சொல்லு.

மிருணா: ஒரு பஸ் ட்ரைவர் வந்தவர். விபத்தில ஒரு பாதம் நசுங்கினது. கடையில விக்கிற ஒரு சப்பாத்தும் அந்தக் காலுக்குக் கொள்ளாது. கடுதாசி சுத்தி அளந்தது நான். வெட்டினது நான். தைச்சுப்போட்டுச் சரிவரேல்ல எண்டு பிரிச்சு, திருப்பித் தைச்சு, அதையும் பிரிச்சு... கடைசியில போட்டுப் பாத்தார். ஒண்டும் சொல்லேல்ல. கதவைத் திறந்து தெரு முடியுமட்டும் நடந்து போனார். வந்தார். திருப்பியும் போனார். அவ்வளவு தான். நான் வாசல்ல நிண்டு பாத்துக்கொண்டு நிக்கிறன், எனக்கு மூச்சு வரேல்ல அம்மா. லோ படிச்ச இத்தனை வருசத்தில எனக்கு ஒரு நாளும் அப்பிடி வரேல்ல.

அம்மா: அழாதை. அவை பாக்கினம்... வெங்காயம் ஒண்டை எடுத்து உரி.

மிருணா: சாப்பாடு முடிஞ்ச பிறகு ஆர் வெங்காயம் உரிக்கிறது?

அம்மா: அவைக்கு என்ன தெரியும்? உரி. உரிச்சுக்கொண்டு கேள். அந்த மனுசனிட்டப் போய்ச் சொல்லு. எங்களுக்குச் சம்மதமில்லை, பிள்ளையைப் பாத்ததுக்கு நன்றி எண்டு.

மிருணா: அதைச் சொல்லத் தேவையில்லை. எனக்கு இருபத்திமூண்டு வயசு. இது என்ர முடிவு.

அம்மா: தேவையில்லை எண்டா, சொல்லுறதில என்ன வந்தது? போ. நான் இஞ்ச நிண்டு பாக்கிறன். போவன்.

மிருணா: ஏலாது.

அம்மா: ஏன் ஏலாது?

மிருணா: சொன்னா முடிஞ்சுது அம்மா. எல்லாம் முடிஞ்சுது.

அம்மா: அதெப்பிடி? சேர்த்துப்போட்டார் எண்டியே.

மிருணா: சேர்க்கேல்ல. அவர் சொன்னதை நான் மாத்திச் சொல்லிப்போட்டன். அவர் மேசையில பிரெஞ்சில உங்களிட்டக் கேட்டவர். உங்கட மகளை என்னட்டை விடுவியளோ எண்டு. அவர் தன்ர தகப்பனோட சண்டை பிடிச்சுக்கொண்டு இந்த வேலைக்கு வந்தவர். தகப்பன் சாகுமட்டும் அவரோட கதைக்கேல்லையாம். அதால, தாயும் தகப்பனும் தன்ர முகத்தைப் பாத்து ஓம் எண்டு சொல்லாட்டி என்னை எடுக்கமாட்டார். அங்க வைச்சே சொன்னவர். நான் தான் நம்பேல்ல.

அம்மா: அப்ப கேள்வியைக் கேட்டுப்போட்டுப் பதிலுக்கு இருக்கிறார்.

மிருணா: ஓம்.

அம்மா: பாயாசமும் தொடாமல்.

மிருணா: ஓம்.

அம்மா: நீ அவருக்கு என்ன சொல்லிப்போட்டு இஞ்ச வந்தனி?

மிருணா: அம்மா தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து பதில் சொல்லுவா எண்டு.

அம்மா: அவை ஓமாம் எண்டு நீயே அவருக்குச் சொல்லியிருக்கலாமே. எங்களுக்குப் பிரெஞ்சு தெரியுமோ? நானும் கொப்பாவும் பல்லைக் காட்டித் தலையாட்டியிருப்பம்.

மிருணா: அந்த மனுசனிட்டப் பொய் சொல்ல எனக்கு ஏலாது அம்மா.

அம்மா: எங்களிட்டச் சொல்ல ஏலும். இதுதான் எனக்குப் பத்தி எரியுது. தோலுமில்லை, சப்பாத்துமில்லை. அந்நியனுக்கு ஒளிக்க மனம் வராது, பெத்ததுகளுக்கு மட்டும் எதையும் திரிச்சுச் சொல்லலாம், என்ன?

மிருணா: உள்ளதைச் சொன்னா நீங்கள் ஒரு சொல்லில முடிச்சுப்போடுவியள் எண்டு பயந்தனான்.

அம்மா: கேட்டுப் பாத்தியோ? ஒரு நாள்? கேட்டு நான் மாட்டன் எண்டனானோ?

மிருணா: இல்லை... கேக்கேல்ல.

அப்பா: வைதேகி, அந்த மனுசன் எழும்பி இஞ்சால வரப் பாக்குது.

அம்மா: இருக்கச் சொல்லுங்கோ. நாங்கள் வாறம். மிருணா, முகத்தைத் துடை. தேத்தண்ணித் தட்டத்தைத் தூக்கு.

மிருணா: என்ன சொல்லப்போறியள்?

அம்மா: நீ தானே சொல்லப்போறாய், நான் எங்க பிரெஞ்சு கதைக்கிறது? மிச்சமிருக்கிற படிப்பை முடிச்சுப்போட்டு ஜூலையில வருவாள், அதுக்குப் பிறகு ரெண்டு வருசம் உங்கட பொறுப்பு எண்டு சொல்லு.

மிருணா: அம்மா...

அம்மா: கிட்ட வராதை. கோவம் இன்னும் அப்பிடியே கிடக்கு. தட்டம் சரியுது பார்.

மிருணா: அப்பிடியே சொல்லுறன் அம்மா. ஒண்டும் மாத்தமாட்டன்.

அம்மா: மாத்திப் பார். எத்தினையோ பிள்ளையளைப் பழக்கினனான், இப்பிடி ஒரு கையைக் காணேல்ல எண்டு உன்னைப் பற்றி அந்த மனுசன் சொன்னதையும் எங்களுக்கு நீ சொல்லேல்ல. பரிசில இருக்கிற உன்ர ராகவிச் சித்தி, சாப்பிட இருந்த நேரம் தொடக்கம் கொப்பாவின்ர சேட்டுப் பொக்கற்றுக்குள்ள கிடக்கிற போன்ல லைன்ல இருந்து, அந்த மனுசன் பிரெஞ்சில கதைக்கிறது எல்லாத்தையும் என்ர போனுக்குத் தமிழில எழுதி அனுப்பிக்கொண்டிருக்கிறாள்.