ஹாய்ட் டிட்வெல் புதைத்த புட்டி

அலபாமாவின் இந்த அனல் மாலையிலும் பட்டுடுத்திப் பாங்காக வந்து அவைக்குப் பொலிவு தந்திருக்கும் தலைவர் அவர்களே! மேடையில் என்னோடு வீற்றிருக்கும் சங்கத்தின் மூத்தோர்களே! பிள்ளைகளைப் பின்சீட்டில் கட்டிப்போட்டு, மைல் கணக்கில் வண்டி ஓட்டி, வந்த கையோடு அடுப்படியிலும் ஒரு கை கொடுத்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! "எப்போ முடிப்பீங்க?" என்று கண்ணாலேயே கேட்டுக்கொண்டிருக்கும் தம்பிமார்களே, தங்கைமார்களே! உங்கள் அறிவுக்கும் வணக்கம், உங்கள் பசிக்கும் வணக்கம்.

தலைவர் எனக்குத் தந்த தலைப்பு 'நம்பிக்கை'. அதைப் பற்றிப் பேச நான் யார்? பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுப்பவள். எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பாதே என்று வருஷக்கணக்காக இந்த ஊர்ப் பிள்ளைகளின் காதில் ஓதுகிறவள். ஏன், எதற்கு, எப்படி என்று கேட்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அதோ, என் வீட்டுக்காரர் வேகமாகத் தலையாட்டுகிறார் பாருங்கள். ஆகவே தலைப்பைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு, ஒரு விஸ்கிப் புட்டியைப் பற்றிப் பேசப்போகிறேன். முன்வரிசை அம்மா முகம் சுளிக்கிறார். பொறுங்கள் அம்மா, வீட்டுப் பிள்ளைகள் கேட்கக்கூடிய கதைதான்.

எங்கள் பள்ளியில் முதல் வகுப்பு ஆசிரியை, லாரலின் டிட்வெல். போன மே மாதம் அவளுக்குக் கல்யாணம். இடம், அவள் பிறந்த ஹார்லன் ஃபோர்டு. ஒரே ஒரு சிக்னல், அதுவும் பாதி நாள் தூங்கும். அந்த ஊரில் அவள் அப்பாவின் மாடு மேயும் நிலத்திலேயே மணமேடை. வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் புறப்பட்டோம். வண்டியை ஓட்டியவள் பாட்டு டீச்சர் வெர்னெட்டா. பின்சீட்டில் நெடிய காலை மடக்கத் தெரியாமல் மடக்கி உட்கார்ந்திருந்தவர் விளையாட்டு ஆசிரியர் கிளெம். மணப்பெண்ணின் வண்டி முந்தின நாள் மக்கர் பண்ணியதால் அவளும் எங்களோடுதான் வந்தாள்.

வானொலியில் மறுநாள் மழை என்றார்கள். கிளெம் கவலையே படவில்லை, புட்டியைப் புதைத்தாகிவிட்டதல்லவா என்றார். உங்களில் பலருக்கு இந்த ஊர் வழக்கம் தெரியும். தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால், மணமக்கள் நிற்கப்போகிற இடத்தில், நிறைந்த விஸ்கிப் புட்டி ஒன்றைத் தலைகீழாகப் புதைப்பார்கள். புதைத்தால் மழை வராதாம். கல்யாணத்தன்று தோண்டி எடுத்து ஆளுக்கு ஒரு வாய் குடிப்பார்கள்.

விடுவேனா நான்? ஏன் தலைகீழாக? ஏன் விஸ்கி? புதைத்தும் மழை வந்த கல்யாணங்களை யாராவது கணக்கெடுத்தார்களா? வெர்னெட்டா சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "ஏன்னு கேட்டா அது வேலை செய்யாது தங்கம், பேசாம வா" என்றாள். நான் அடங்கவில்லை. சரி, புதைத்தது யார் என்று கேட்டேன்.

"அப்பா" என்றாள் லாரலின்.

வெர்னெட்டா கையை நீட்டி வானொலியை அணைத்தாள். ஏன் அணைத்தாள்? அவள் அப்பா ஹாய்ட் டிட்வெல்லின் குடி அந்த மாவட்டத்துக்கே தெரிந்த குடி. மகளின் பட்டமளிப்பு விழாவுக்கு வராத குடி, மனைவியின் இறுதிச்சடங்குக்குத் தள்ளாடி வந்த குடி. நாலு வருஷமாக அவர் தொடவில்லை. தொடவில்லை என்று அவர் சொல்கிறார், ஊர் பாதி நம்புகிறது. அப்படிப்பட்ட மனிதரிடம் போய் இந்த வேலையைக் கொடுப்பானேன்? நான் கேட்பதற்கு முன்பே அவள் சொன்னாள்.

"நான்தான் அவர்கிட்ட புட்டி வாங்கிப் புதைக்கச் சொன்னேன். நாளைக்குப் புட்டி முழுசா வந்தா அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு மணமேடைக்கு நடந்து வருவேன். இல்லேன்னா தனியா நடப்பேன். அவருக்கு இது தெரியாது."

சபையோரே, ஒரு மகள் தன் தகப்பனுக்கு மண்ணுக்கடியில் வைத்த பரீட்சை அது! கொடுமைதான். ஆனாலும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சோதனை என்கிற வகையில் அதைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

அன்று மாலை தேவாலயக் கூடத்தில் விருந்து. பொரித்த மீன், சோளமாவு உருண்டை, உதடு ஒட்டும் இனிப்பில் குளிர்ந்த தேநீர். ஹாய்ட்தான் எல்லாருக்கும் தேநீர் ஊற்றினார். ஒட்டடைக்குச்சி மாதிரி ஒல்லியான மனிதர், கஞ்சி போட்ட சட்டை, கூச்சச் சிரிப்பு. புட்டியை எவ்வளவு ஆழத்தில் புதைத்தீர்கள் என்று மெல்லக் கேட்டேன். முழங்கை ஆழம் என்றார். என்ன விஸ்கி என்று கேட்டேன். "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா டீச்சரம்மா?" என்று நகர்ந்துவிட்டார். எனக்குள் மணி அடித்தது.

விடிந்தது சனிக்கிழமை. மேகம் மந்தையாகக் கூடியது. மண்வெட்டி எடுத்தார் கிளெம். மண் விலகியது, மெழுகு பூசிய கழுத்தோடு புட்டி வெளியே வந்தது. நிமிர்த்திப் பார்த்தால் பொன்னிறத்தில், கழுத்து வரைக்கும் நிறைந்து நிற்கிறது! கூட்டம் கைதட்டியது. லாரலின் அழுதுகொண்டே சிரித்தாள். மாப்பிள்ளை வேட் காகிதக் கோப்பைகளில் ஊற்றி நீட்டினான்.

வெர்னெட்டா ஒரு வாய் குடித்தாள். முகம் கோணியது. கிளெம் புல்லில் துப்பினார். நானும் குடித்தேன். அது விஸ்கி இல்லை ஐயா. தேநீர்!

மாப்பிள்ளையின் மாமா ஒருவர், "முழுசையும் குடிச்சுட்டு நேத்து டீயை ஊத்தி வச்சிருக்கான்" என்றார். முணுமுணுக்கத்தான் நினைத்தார், எல்லாருக்கும் கேட்டுவிட்டது.

அதன் பிறகு என்ன நடந்தது? சண்டையா? கூச்சலா? கிடையாது. இந்த அமெரிக்கத் தெற்கத்தி மரியாதை உங்களுக்குத் தெரியாததா? ஒருவருடைய மானம் போகிற இடத்தில் இவர்கள் கேள்வி கேட்கமாட்டார்கள். ஒருவர் பூ அலங்காரத்தைப் புகழ்ந்தார். ஒருவர் கன்றுக்குட்டியை விசாரித்தார். ஒரு அம்மையார் புழுக்கம் அதிகம் என்று விசிறிக்கொண்டார். ஹாய்ட் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். லாரலின் அவரைப் பார்க்காமல் வீட்டுப் பக்கம் திரும்பினாள். கத்தி எடுக்காமல், கடுஞ்சொல் சொல்லாமல், கண்ணியமாகவே ஒரு மனிதரைக் கொன்றுகொண்டிருந்தார்கள்!

ஆனால் என் நாக்கில் அந்தத் தேநீர் இருந்தது. புளித்துப்போன தேநீர். முந்தின நாள் ஊற்றியது அப்படிப் புளிக்குமா? என் வாய் சும்மா இருக்குமா?

"அண்ணே, இந்த டீயை எப்போ ஊத்துனீங்க?" என்று கேட்டேன். வெர்னெட்டா என் புடவை முந்தானையைப் பிடித்து இழுத்தாள். நான் நகரவில்லை.

"முதல்லேர்ந்தே டீதான் டீச்சரம்மா" என்றார் ஹாய்ட். பிறகு மகளின் முதுகைப் பார்த்துப் பேசினார்.

"இந்த மாவட்டத்துல விஸ்கி விக்கமாட்டாங்க, எல்லை தாண்டிப் போனேன். கடை வாசல்ல வண்டியை நிறுத்தினேன். வாங்கிடுவேன்மா, புதைச்சிடுவேன். ஆனா அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியுமே. ஒரு மாசம் அது அங்க படுத்திருக்கும், நான் இங்க படுத்திருக்கணும். தோண்டாம இருப்பேன்னு என்னால சொல்ல முடியல. வண்டியைத் திருப்பிட்டேன். நீ ஆசையா கேட்டியே, இல்லேன்னு சொல்லவும் வாய் வரல. கொட்டகையில பழைய காலிப் புட்டி கிடந்துச்சு. கொதிதண்ணி ஊத்திக் கழுவி, டீயை ஊத்தி வச்சேன்."

மாமா தன் காலணியை ஆராய்ந்தார். பல நாள் பழைய தேநீர் என்று என் நாக்கு சாட்சி சொன்னது, அதை உரக்கவே சொன்னேன். ஆனால் அறிவியல் அத்தோடு முடிந்தது சபையோரே! கடை வாசல்வரை போய்த் திரும்பினார் என்பதற்கு எந்தச் சோதனைக்குழாய் சாட்சி சொல்லும்? அதற்கு அவர் சொல் ஒன்றுதான் உண்டு. அதை ஏற்பதும் தள்ளுவதும் அந்தப் பெண்ணின் கையில் இருந்தது.

லாரலின் திரும்பி வந்தாள். என் கையிலிருந்த கோப்பையை வாங்கினாள். கிளெம் வாயில் வைக்க முடியாத அந்தத் தேநீரை, கடைசிச் சொட்டு வரைக்கும், கண்ணை மூடாமல் குடித்தாள்.

"சர்க்கரை பத்தலப்பா" என்றாள்.

தேநீரில் சர்க்கரை குறைந்தது என்பதைவிடப் பெரிய வசவு இந்த ஊரில் உண்டா? அந்த வசவைக் கேட்டுத்தான் ஹாய்ட் டிட்வெல் குலுங்கி அழுதார். நானும் அழுதேன், மறைப்பானேன்.

நம்பிக்கையைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள் தலைவர் அவர்களே! புட்டி விஸ்கியோடு முழுசாக வந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்? உறுதியான மனிதர் என்று மெச்சியிருப்போம். தன் உறுதி எவ்வளவு என்று தெரிந்துகொண்டு வாசலிலேயே திரும்பிய மனிதரை எந்தப் பரீட்சையில் தேற வைப்பது? தன்னையே நம்பாத அந்தத் தகப்பனை, நம்பினாள் மகள்! ஆதாரம் கேட்கவில்லை, அவகாசம் கேட்கவில்லை, ஊர் என்ன சொல்லும் என்று கேட்கவில்லை, நம்பினாள்!

மாலையில் அப்பாவும் மகளும் கைகோத்து நடக்கத் தொடங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. தூறல் இல்லை, கொட்டு கொட்டென்று கொட்டியது. என் பட்டுப்புடவை அன்றோடு சரி. ஆனாலும் யாரும் நாற்காலியை விட்டு எழவில்லை. என் வரிசையைக் கடக்கும்போது ஹாய்ட் மகளிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"மன்னிச்சுக்கம்மா. நிஜப் புட்டி வச்சிருந்தா மழை வந்திருக்காது."

"நனைஞ்சா காயும்பா" என்றாள் லாரலின். "நீங்க கையை விடாம நடங்க."

இவ்வளவு நேரம் சாப்பாட்டு வாசனையையும் தாண்டி எனக்குச் செவி தந்த தாய்மார்களுக்கும், மணியடித்து என்னை நிறுத்தாத தலைவருக்கும், பேச வாய்ப்பளித்த சங்கத்துக்கும் என் நெஞ்சம் நிறைந்த நன்றி. வணக்கம்!