பத்துக்குக் கீழே

— ஒம்பதுன்னு இருக்கு பாரும்மா. ஒம்பதை நான் வெளியே விட முடியாது.

— ஒம்பது பேர் செத்திருக்காங்க மேடம். உங்க கம்ப்யூட்டரே சொல்லுது.

— அது உனக்கும் எனக்கும் இந்த ரூமுக்குள்ள சொல்லும். கதவைத் தாண்டிப் போற அட்டவணைல ஒரு கட்டத்துல பத்து பேருக்குக் குறைஞ்சு இருந்தா நான் அழிச்சாகணும். எனக்குச் சம்பளமே அதுக்குத்தான். ஆராய்ச்சிக்குன்னு வந்த முதல் நாள் போனைப் பெட்டில வச்சுட்டு ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டியே, படிச்சியா?

— படிச்சேன். நாலு மாசமா ஜன்னல் இல்லாத இந்த ரூம்ல படிச்சதுல அது ஒண்ணுதான் புரியிற மாதிரி இருந்துச்சு.

— வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல.

— எங்க வீட்ல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆள் நான். வாய் இல்லைன்னா கேட்டோடயே திருப்பி அனுப்பியிருப்பாங்க.

— சரி, கோவப்படாதே. இந்த விதி எதுக்குன்னு யோசிச்சுப் பாரும்மா. ஒம்பதுன்னு போட்டா எந்த எந்த வீடுன்னு ஊரே விரல் விட்டுச் சொல்லிடும். நம்மளை நம்பி வாயைத் திறந்தவங்க அவங்க. நாளைக்கு ஆலைக்காரன் அவங்க மேல பாஞ்சா யார் பதில் சொல்றது?

— கல்லரைக்கிற ஆலைல தூசி குடிச்சே செத்தவங்க மேடம். ஒருத்தருக்கும் அம்பது வயசு ஆகல. ஆலைக்காரனுக்கு அவங்க பேரு, வீடு எல்லாம் எப்பவோ தெரியும். தெரியாதது அதிகாரிங்களுக்குத்தான். செவ்வாய்க்கிழமை குழு உக்காருது, ஆலையை மூடுறதா, இன்னும் பத்து வருஷம் ஓட விடுறதான்னு. ஆஸ்பத்திரி சீட்டுல பூராவும் தூசியைச் சொல்லாம காசநோய்னு எழுதி வச்சிருக்காங்க. அரசாங்கமே வீடு வீடாப் போய் எடுத்த இந்தக் கணக்கை விட்டா எங்ககிட்ட வேற காகிதம் கிடையாது.

— பக்கத்து வட்டாரத்தையும் சேர்த்துப் போடேன். எண்ணிக்கை ஏறும், நானும் பேசாம கையெழுத்துப் போட்டுடுவேன்.

— சேர்த்தா பதிமூணு வரும். ஆனா அந்த வட்டாரத்துல பாதிப் பேர் ஏசி ரூம்ல உக்காந்து எழுதுறவங்க. ரெண்டையும் கலந்து சராசரி போட்டா எல்லாரும் ஜம்முனு மூச்சு விடுறாங்கன்னு வருது. அதையும் போட்டுப் பாத்துட்டேன்.

— அப்போ எனக்கு வேற வழி தெரியலம்மா.

— மனசுல வச்சுக்கிட்டு வெளியே போய்ச் சொன்னா?

— ஜெயில். உனக்கும், உன்னை உள்ளே விட்ட எனக்கும். நான் ஓய்வு பெற எட்டு மாசம்தான் இருக்கு, கொஞ்சம் பாத்துச் செய்.

— நிஜமாவே ஒம்பது பேர்தானா மேடம்? ஒண்ணே ஒண்ணு கூட இருந்தா போதுமே.

— கூடத்தான் இருக்கும். நானும் பதினோரு வருஷம் வெயில்ல அலைஞ்சு கணக்கெடுத்தவதான். 'அஞ்சு வருஷத்துல இந்த வீட்ல யாராவது இறந்தாங்களா'ன்னு ஒரு கேள்வி வரும். ஆமான்னா அதுக்குப் பின்னாடி பன்னெண்டு பக்கம் கேள்வி. எத்தனை நாள் இருமினாரு, ரத்தம் வந்துச்சா, கடைசி நேரத்துல யார் பக்கத்துல இருந்தாங்கன்னு. இல்லைன்னா நேரா அடுப்பு, கழிப்பறைன்னு அடுத்த கேள்விக்குப் போயிடலாம். முதல் ரெண்டு வீட்லதாம்மா உண்மை வரும். அதுக்குள்ள தெரு முழுக்கத் தெரிஞ்சுடும், இல்லைன்னு சொன்னா சீக்கிரம் விட்டுடுவாங்கன்னு. நாங்களும் தோண்ட மாட்டோம், எங்களுக்கும் கால் வலி.

— அப்படி இல்லைன்னு சொன்ன வீட்டுக்காரங்க இப்போ வந்து திருத்தச் சொன்னா?

— ஆறு வருஷம் ஆச்சு. மூடி சீல் வச்ச கணக்கு, அமைச்சரே வந்தாலும் ஒரு எண்ணை மாத்த முடியாது. எதுக்குக் கேக்குறே? ஏம்மா, ஏன் எந்திரிச்சுட்டே? உக்காரு. இந்தா, தண்ணி குடி.

— உள்ளே தண்ணி கொண்டு வரக் கூடாதுன்னு விதி.

— விதி கிடக்குது. குடி முதல்ல.

— எங்க வீட்டுக்கும் கணக்கெடுக்க வந்தாங்க மேடம்.

— நீ அந்த வட்டாரமா? இத்தனை நாள்ல ஒரு வார்த்தை சொல்லலையே.

— சொல்லியிருந்தா உள்ளே விட்டிருக்க மாட்டீங்க. அப்பா அந்த ஆலைலதான் வேலை பாத்தாரு.

— அடப் பாவமே. இந்த ஒம்பதுல ஒருத்தரா அவரு?

— இல்ல.

— அப்போ இருக்காரா, நல்லா இருக்காரா?

— அவங்க கணக்கெடுக்க வர்றதுக்கு நாலு மாசம் முன்னாடி போயிட்டாரு.

— பின்னே எப்படிம்மா இதுல இல்லாம போவாரு? அம்மா சொல்லலையா?

— அம்மாவுக்கு ஆள் வந்ததே தெரியாது, அவங்க உள்ளே படுத்திருந்தாங்க. கணக்கெடுக்கிறவங்க பக்கத்து வீட்டு அக்காவை முக்கால் மணி நேரம் உக்கார வச்சு அழ விட்டுட்டு எங்க வாசலுக்கு வந்தாங்க. எனக்கு மறுநாள் பரீட்சை. கதவைத் தொறந்தது நான்தான் மேடம். எங்க வீட்ல யாரும் சாகலைன்னு சொல்லி அனுப்பிட்டேன்.