கைராசிக் கையெழுத்து

ஹாரன் அடித்துக்கொண்டே ஒரு ஜீப் உப்பளத்து வரப்பில் வந்து நின்றபோது நான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன். எனக்குச் சூடு ஆகாது. 2004, சித்திரை வெயில் வேறு.

வருமான வரிக்காரர்கள் இறங்கினார்கள். "இங்க கலையரசன் யாரு?"

பாத்தியில் நின்றிருந்த என் தங்கை வசந்தாவின் புருஷனைக் கைகாட்டினேன். உப்பு வாங்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தார்.

எங்கள் அளத்தில் வருஷத்து முதல் உப்பைக் கைராசிக்காரர்தான் வார வேண்டும். மாப்பிள்ளைதான் வாருவார். அதனால் கம்பெனி தொடங்கியபோது, "நிர்வாகப் பங்குதாரரா நீங்களே கையெழுத்துப் போடுங்க மாப்ள, உங்க கை பட்டாத்தான் விளங்கும்" என்றேன். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. எந்தக் காகிதத்தை நீட்டினாலும் கையை வேட்டியில் துடைத்து, பேனாவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போடுவார். படித்துப் பார்க்க மாட்டார்.

லாரிக்காரர்களுக்குத் தரும் வாடகையில் வரியைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைக் கொடுப்போம். பிடித்ததை அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டும். நான் கட்டவில்லை. வானூரில் ஒரு நிலம் நல்ல விலைக்கு வந்தது. குடும்பத்துக்கு என்று ஒரு நிலம் வேண்டும் அல்லவா.

கையெழுத்துப் போட்டவர் என்று மாப்பிள்ளை மேல் வழக்குப் போட்டார்கள். "பணம் எங்க மச்சான் போச்சு?" என்று மாப்பிள்ளை ஒரே ஒரு முறை கேட்டார். வரப்பு கட்டியதில் போய்விட்டது என்றேன். பிறகு சுனாமி வந்தது. குப்பத்தில் பிணம் தூக்கப் போனவர் வழக்கையே மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை.

வரியை இப்போதாவது கட்டி, ஜெயில் இல்லாமல் வழக்கை முடிக்கச் சமரசத்துக்கு மனுப் போடலாம் என்றார் வக்கீல். அதற்கு நிலத்தை விற்க வேண்டும். மாப்பிள்ளையிடம், "தப்ப ஒத்துக்குங்க, அபராதத்தோட விட்டுடுவாங்க" என்றேன். அப்படி விடமாட்டார்கள் என்று வக்கீல் எனக்கு முன்பே சொல்லியிருந்தார்.

கோர்ட்டில் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். தலையாட்டினேன். ஒத்துக்கொண்டார். ஆறு மாதம் போட்டார்கள். அதை அவர் முடிக்கவில்லை. நெஞ்சுவலி என்று ஜெயிலிலிருந்து தகவல் வந்து நான் போனபோது உடம்பு விறைத்திருந்தது.

காரியச் செலவு முழுக்க என்னுடையது. யாரும் ஒரு குறை சொல்லவில்லை.

கருமாதி முடிந்த மறுநாள் வசந்தா கேட்டாள். "இனிமே கம்பெனியில யாருண்ணா கையெழுத்துப் போடுறது?"

அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

"நீதாம்மா. கூட நான் இருக்கேன்ல."